மஃரிபுக்கு முந்தி ஒரு படம்

"படம் முடியுமட்டும் இரிங்களன். இப்ப எழும்பிப் போய் என்னத்த வெட்டிக் கிழிக்கப் போறீங்க?"

தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் நஸீறா. பாதி எழும்பியிருந்த ஜவாத் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமைப் பின்னேரம். பிள்ளைகளைப் புருசனோடு கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு கதிரைகளை நெருக்கிப் போட்டு, இந்தப் படத்தைத் தேடிப் போட்டவள் மகள் றிஸ்னாதான். ஜவாதும் நஸீறாவும் கலியாணம் முடித்த புதிதில், நற்பிட்டிமுனையில் வாடகைக்கு டெக் எடுத்து அயலட்டையெல்லாம் கூடியிருந்து பார்த்த படம். அன்றைக்குக் கடைசிக் கட்டத்தில் ஜவாத் தேம்பித் தேம்பி அழுதார். நஸீறா தலகாணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தில், எவனோ சொன்ன கதையை நம்பி மனைவியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டான் கதாநாயகன். அவள் பெட்டியும் கையுமாக பஸ்சுக்குக் காத்திருக்கிறாள். அவன் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறான். மழை வேறு.

"தன்னில பிழை எண்டு அவனுக்கு விளங்கிட்டு," என்றாள் நஸீறா. "பொறகு ஏன் மரம் மாதிரி நிக்கான்?"

"வெக்கம்."

"பொஞ்சாதிக்கிட்ட என்ன வெக்கம்?"

"ஊரறியச் சொல்லிப்போட்டான். வாயால உட்டதத் திருப்பி எடுக்கிறது லேசா?"

"ஊரா வந்து அவனுக்குச் சோறாக்கிக் குடுக்கப் போகுது?"

ஜவாத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

விளம்பரம் வந்தது. றிஸ்னா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தாள்.

"உம்மாதான் அவிச்ச, வாப்பா. காலைலயிருந்து குசினிக்குள்ளதான் நிண்டவ."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"நல்லா இரிக்கி மகள்."

"அத உம்மாக்கிட்டச் சொல்லுங்களன்."

"சொன்னது கேட்டிரிக்கும்."

றிஸ்னா தாயைப் பார்த்தாள். நஸீறா திரையைப் பார்த்தாள். குசினி வாசலுக்குப் போன மகள் அப்படியே கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

படம் மறுபடி தொடங்கியது. பஸ் வந்து நின்றது.

"அவளும் கேக்கலாம்தானே," என்றார் ஜவாத் திடீரென்று. "நான் போகல்ல எண்டு ஒரு வார்த்தை சொன்னா, அவன் என்ன, வேணாமெண்டா சொல்லப் போறான்?"

"அனுப்பினவன்தான் கூப்பிடணும். கேட்டு வாங்கினா அதுக்குப் பேர் பிச்சை."

"நீ எப்பவும் இப்பிடித்தான் புள்ள."

"நீங்களும் எப்பவும் அப்பிடித்தான்."

இருவருடைய குரலிலும் கோபம் இல்லை. அதுதான் நஸீறாவுக்கு இன்னும் வேதனையாக இருந்தது. கோபம் இருந்தாலாவது ஏதாவது பேசித் தீர்க்கலாம். எப்படியும் இன்றைக்கு வாய் திறப்பார் என்று விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டில் நினைத்தாள். அஸர் தொழுதுவிட்டு வந்தபோது நினைத்தாள்.

திரையில் அவன் ஓடிவந்து பஸ்ஸை மறித்தான். நனைந்த முகத்தோடு ஜன்னலைத் தட்டி, "போகாதே" என்றான். அவ்வளவுதான். அவள் இறங்கிவிட்டாள்.

நஸீறா பக்கத்தில் பார்த்தாள். ஜவாதின் கண்கள் நிரம்பியிருந்தன.

"நஸீறா..."

"ம்."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். குசினி வாசலில் றிஸ்னாவும் அசையவில்லை.

ஜவாத் தொண்டையைச் செருமினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"முழங்காலுக்கு அந்த எண்ணெயப் பூசு. மாரி துவங்கப் போகுது."

நஸீறா முழங்காலில் கிடந்த சீலையை நீவிவிட்டாள்.

"ஓம்," என்றாள்.

"பிறசர் குளிசையையும் மறந்து போகாத."

"ஓம்."

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டு மஃரிப் பாங்கைச் சொன்னது. றிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பாங்கு முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு நஸீறா எழும்பி, கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்நிய ஆணுக்கு முன்னால் செய்வதுபோல முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். வயற்காணிச் சண்டையில் ஜவாத் சொன்ன தலாக்கை, "உன்ன மீட்டுக்கிட்டன்" என்ற ஒரே சொல்லால் திருப்பி எடுக்க அவருக்கு இருந்த மூன்று மாத இத்தாக் கெடு அந்தப் பாங்கோடு முடிந்திருந்தது.