கை நிக்கல

மேசையைத் துடைத்த அவளுடைய உள்ளங்கை ஓரிடத்தில் நின்றது.

திருகாணி கழன்ற ஓட்டை.

கேன்டீன் கண்ணாடிக்கு வெளியே, காலையில் அவர்கள் வேலை முடித்துக் கொடுத்த விமானத்தை இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் முகங்கள்.

அவள் தன் கையைப் பார்த்தாள்.

விமானத்தின் உடல் முழுக்க, சுறாத்தோல் போல நுண்வரிகள் ஓடும் கண்ணாடித்தாளை ஒட்டுவது அவர்கள் வேலை. காற்று பிடித்து இழுக்காது. வழுக்கிப் போகும். எரிபொருள் மிச்சம்.

ஒட்டியபின் கண்ணை நம்பமாட்டார்கள். தடவிப் பார்ப்பார்கள். குமிழ், மடிப்பு, தூசி எதுவும் தடுக்காவிட்டால் ஒரே சொல்.

கை நிக்கல.

இடப்பக்கத்தை முடித்துவிட்டு அவள் அதைத்தான் சொன்னாள்.

“ஈ உக்காந்தா வழுக்கி வுழும்டி” என்று கூட ஒட்டிய வைரமணி சிரித்தாள்.

மூக்கருகே, இரு பக்கமும், குண்டூசித் தலை அளவில் சில துளைகள் உண்டு. அவற்றில் படும் காற்றை வைத்துத்தான் விமானம் தன் உயரத்தை அறியும். தாளை ஒட்டியவரே அங்கே வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும்.

அங்கே மட்டும் கை நிற்க வேண்டும்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

மேற்பார்வையாளர் எபநேசர் வாசலில் டீயோடு நின்றிருந்தார்.

“சார், இடது பக்கம்... கை நிக்கல சார்.”

“அதான் காலையிலயே சொன்னியேம்மா.”

“எங்கயுமே நிக்கல சார்.”

டீ அவர் விரல்களில் வழிந்தது. அவருக்குச் சுடவில்லை. வாக்கிடாக்கியைத் தேடி இடுப்பைத் தடவினார்.

விமானம் நின்றது. ஏணி வந்தது. கேப்டன் இறங்கி வந்து, மூக்கின் கீழ் நின்று அண்ணாந்தார்.

“ஓட்டை நல்லா தெரியுதே. கெளம்புறதுக்கு முன்னாடி சுத்தி வந்து நானே பாத்தேனே.”

“தாளுக்கு அடியில தெரியும் சார்” என்றாள் அவள். “தொடுங்க.”

அவர் ஏணியில் ஏறினார். துளைகளுக்கு நேரே விரலை வைத்தார். மெல்ல இழுத்தார்.

மறுபடி இழுத்தார்.

மேலே ஒரு ஜன்னலில் யாரோ, கையை விரித்து, என்ன தாமதம் என்று கேட்டார்.

கேப்டனின் விரல் இன்னும் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது.