கட்டிலில் இருந்த சூடு

பாய்லர்காரன் இரண்டு கிளாஸ் டீயோடு, ஆலையை ஒட்டியிருந்த விடுதியின் மாடிப்படி ஏறினான்.

ஒன்று அவனுக்கு. இன்னொன்று, ஏழு மாதமாக அவனோடு ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் தறிக்காரனுக்கு. முகத்தை இதுவரை பார்த்ததில்லை.

ஏற்பாடு ரொம்ப எளிது. ஆலை இரவும் பகலும் ஓடுகிறது, கட்டிலும் அப்படியே. இரவில் தறிக்காரன் தூங்குவான். விடிகாலை ஐந்தரைக்கு அவன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். இரவெல்லாம் கரி அள்ளிப் போட்ட பாய்லர்காரன் ஆறு மணிக்கு வந்து அதே கட்டிலில் விழுவான்.

விழும்போது மெத்தை வெதுவெதுப்பாக இருக்கும். அதுவும் சுவரோரமாக மட்டும். ஒடுங்கிப் படுக்கிற ஆள், கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

இந்த ஊரில் அவனைத் தொட்ட ஒரே மனிதச் சூடு அதுதான். அதில் முதுகை வைத்தால்தான் தூக்கம் வரும்.

கொஞ்ச நாளாகப் போர்வைகூட மடித்தது மடித்தபடியே இருந்தது. பரவாயில்லை, பயல் திருந்திவிட்டான்.

இன்று பழுதுபார்க்கத் தறிக்கூடத்தை மூடியிருந்தார்கள். ஆள் அறையில்தான் இருப்பான்.

கட்டில் காலி.

மெத்தையில் கை வைத்துப் பார்த்தான். சுவரோரம் இன்னும் சூடு.

“அக்கா, இவரு இப்பத்தானே எழுந்து போனாரு?”

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த விடுதிக்கார அக்கா நிமிர்ந்தாள். “அவரு வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயி பத்து நாளாச்சே! ஒரே கட்டில்ல படுத்தவனுக்கே தெரியலையாக்கும். நல்லா இருக்குப்பா உங்க சிநேகிதம். அந்த டீய இப்படிக் குடு, ஆறிடப் போகுது.”

கொடுத்தான்.

கதவைச் சாத்திவிட்டுச் சுவரைத் தொட்டான். சுவரும் சூடு. காதை வைத்தான். அந்தப் பக்கம் மெல்லிய சீறல்.

அந்தச் சத்தம் அவனுக்கு அத்துப்படி. சாயத் தொட்டிகள் ஆறு மணிக்குக் கொதித்தாக வேண்டும். வழியில் தொட்டதையெல்லாம் சூடாக்கிவிட்டுத்தான் நீராவி போய்ச் சேரும். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வால்வைத் திறந்துவிட வேண்டும். தினமும் திறந்துவிடுகிறவன் அவன்தான். குழாய் எந்தெந்தச் சுவரை ஒட்டிப் போகிறது என்று மட்டும் அவன் கேட்டதே இல்லை.

குழாய்ச் சூட்டில் படுத்தது பத்து நாளா, ஏழு மாதமுமா?

படுத்து, சுவரோரமாக முதுகை வைத்தான்.

அதே சூடுதான். தூக்கம்தான் வரவில்லை.