ரசீது கேட்காத கடன்

"பயாலஜி படிச்சவ ஒருத்தி என் வீட்டுலயே இருக்கா. அதனால என்னையக் கேளுங்க, நான் சொல்லுதேன்" என்றார் காசிலிங்கம்.

வியாபாரிகள் சங்கத்தின் மாதக் கூட்டம். தூத்துக்குடி மார்க்கெட்டில் மாடி வைத்த மளிகைக் கடை அவருடையது ஒன்றுதான். அதனால் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

கடையில் இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று எல்லாரும் கொடுக்கிற மகமைப் பணம் சங்கத்தில் சேரும். அதில் வியாபாரத்துக்குக் கடன் கேட்டால் வட்டி உண்டு. பிள்ளையின் படிப்புக்கு என்றால் வட்டியும் கிடையாது, ரசீதும் கேட்க மாட்டார்கள். வியாபாரியின் வாய்ச்சொல் போதும்.

அந்தக் கடனைக் கேட்டுத்தான் பிரேமா வந்திருந்தாள். புருஷன் இறந்த பிறகு கருப்பட்டிக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். பக்கத்தில் மகள் சுடலைச்செல்வி. கடல்வாழ் உயிரியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"அவளுக்குச் சின்னப் பிள்ளைலேர்ந்து இதான் ஆசை, அண்ணாச்சி" என்றாள் பிரேமா.

"ஆசை யாருக்கு இல்ல? கணக்கைப் பாரு. ஃபீஸு, லேப்டாப்பு, கடலுக்குப் போற செலவுன்னு என் மவ படிப்புக்கு இங்கன மூணு லட்சம் வாங்குனேன். இப்பம் இறால் கம்பெனி லேப்ல பதினெட்டாயிரம் சம்பளம். அதுல மாசம் ஐயாயிரம் சங்கத்துக்குக் கட்டுதா. மூணு வருஷமாச்சு, இன்னும் லட்சத்துக்கு மேல நிக்கி. என் கடைல பில் போடுத பொண்ணுக்கே நான் பதினஞ்சு குடுக்கேன். வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல யாருக்கும் காசு செலவில்லை.

பிரேமா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கேட்க வந்ததே தப்போ என்று கூச்சமாக இருந்தது.

"முத்துச்சிப்பி வளக்குததப் பத்தி மேல படிக்கணும் மாமா" என்றாள் செல்வி, மெதுவாக.

"முத்துக் குளிச்சவனுக்கே ஒண்ணும் மிஞ்சல தாயி. நீ படிச்சு எடுக்கப் போறியாக்கும்."

இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். செல்வி தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம்தான் ஐஸ்வர்யா உள்ளே வந்தாள், காசிலிங்கத்தின் மகள். கடன் வாங்கிப் படித்த பிள்ளை தன் கையாலேயே கூட்டத்தில் தவணை கட்ட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். அப்பா பேசியது வாசலிலேயே அவள் காதில் விழுந்திருந்தது.

"இந்தா, அவளே வந்துட்டா. ஏளா, சங்கத்துக் கடன் தீந்தாச்சா?"

ஐஸ்வர்யா அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இன்னும் இருக்குப்பா" என்றாள். எல்லாருக்கும் எதிரில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

தலைவர் ராமர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காசிலிங்கம் சொல்லுததுலயும் நியாயம் இருக்கு பிரேமா. பி.காம்., நர்சிங்னு ஏதாவது பாக்கக் கூடாதா?"

"மனசு கஷ்டப்படாத" என்றார் காசிலிங்கம், குரலை இறக்கி. "உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அப்பன் இல்லாத பிள்ளை. நாளைக்குக் கடன் நின்னுபோச்சுன்னா யாரு கட்டுவா?"

அதற்கு மேல் பிரேமாவால் உட்கார முடியவில்லை. "சரி அண்ணாச்சி" என்று எழுந்தாள். "வா செல்வி."

"பெரியப்பா" என்று ராமரைக் கூப்பிட்டாள் ஐஸ்வர்யா. "யாராவது ஜாமீன் நின்னா செல்விக்குக் கடன் குடுப்பீங்களா?"

"சம்பாதிக்கிற ஆள் யாரு நின்னாலும் குடுக்கலாம்."

"அப்பம் நான் நிக்கேன்."

ராமர் காசிலிங்கத்தைப் பார்த்தார். அத்தனை பேருக்கு எதிரில் பெற்ற மகளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"என் மவளுக்குப் பெரிய மனசு" என்று சிரித்து வைத்தார் காசிலிங்கம். சபை கைதட்டியது. பிரேமா ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே படி இறங்கியதும் காசிலிங்கத்தின் சிரிப்பு போய்விட்டது.

"ஏளா, உனக்கென்ன கிறுக்கா? அந்தப் படிப்பு கடனை அடைக்காதுன்னு நான் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லுதேன். நீ போயி ஜாமீன் நிக்கே."

"என் படிப்புக்கு ஆனது அறுபதாயிரம்தான்ப்பா. அதை வேலைக்குப் போன முத வருஷமே கட்டி முடிச்சிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "அதுக்கப்புறம் கட்டுததெல்லாம் நம்ம கடை மாடிக்கு."

காசிலிங்கம் அக்கம்பக்கம் பார்த்தார். படியோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பிரேமா நிமிரவில்லை. ஆனால் அவள் கால் செருப்புக்குள் பாதியிலேயே நின்றிருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐஸ்வர்யா வண்டிச் சாவியை எடுத்தாள்.

"செல்வி கடனை நினைச்சு நீங்க பயப்படாதீங்க. வாங்குதது முழுசும் படிப்புக்குத்தான் போவும். நீங்களே சொன்னீங்கள்லா, அவளுக்கு அப்பா இல்லைன்னு."