மூணாவது கியர்

“மூணாவது கியர் விழாது,” என்றான் சாலமன். “குமுளி மலை ஏறினா இஞ்சின் கொதிச்சிரும்.”

பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த விஜய்பாண்டி அதை மெதுவாக மூடினார். கம்பத்தில் திராட்சை வியாபாரம் செய்பவர். அடிக்கடி குமுளி போய்வர ஒரு பழைய கார் தேடி ராயப்பன்பட்டிக்கு வந்திருந்தார்.

ரீட்டா தம்பியை முறைத்தாள். “ஏலே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருன்னு சொன்னேன்ல?”

“அவர் கேட்டாரு. கம்ப்ளெயின்ட் எதுவும் இருக்கான்னு கேட்டாரு.” அவள் முகத்தைப் பார்க்காமல், நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சொன்னான்.

“அவன் கெடக்கான், நீங்க ஓட்டிப் பாருங்கண்ணே.”

“எதுக்குத் தங்கச்சி? முக்குக் கடையில வீடு எங்கனன்னு விசாரிச்சப்பவே சொன்னாக. வாத்தியார் மகனுக்குப் பொய் சொல்ல வராது, அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குன்னு.” விஜய்பாண்டி பைக்கை உதைத்தார். “கேட்டது நல்லதாப் போச்சு.”

சாலமனுக்கு இருபத்தெட்டு வயது. அவன் சுபாவத்துக்கு மதுரை டாக்டர் ஒருவர் ஆஸ்பெர்ஜர் என்று பெயர் சொன்னார். ஊர் ‘ஒரு மாதிரி’ என்றது. அவனுக்குப் பொய் வராது. கேட்டதற்கு மட்டும் பதில் வரும். சத்தம் ஆகாது, அதிலும் அழுகைச் சத்தம் ஆகவே ஆகாது.

அப்பா ஞானமுத்து வாத்தியார் இறந்த அன்று பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்ததும் சுவரில் முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். அம்மா லூர்து மேரி எல்லாரையும் வாயை மூடச் சொன்னாள். கல்லறைக்குப் பெட்டி போகும்வரை அவளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லு மனசுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். ரீட்டாவும் அப்படித்தான் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் காரோட்ட ஆளில்லை. தேனியில் வாழ்க்கைப்பட்ட ரீட்டா, வரும்போதெல்லாம் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிட்டுப் போவாள். இந்த மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது. அதற்குள் தள்ளிவிடப் பார்த்தாள். போன வாரம் வந்தவரும் இதே கியர் கதையைக் கேட்டுத்தான் திரும்பிப் போனார்.

“அவனுக்கு அப்பா வண்டிய விட மனசில்லம்மா. அதான் வர்றவுககிட்ட எல்லாம் ஒப்பிக்கிறான்.”

லூர்து மேரி வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “அப்படின்னா விட்ரு ஆத்தா. புள்ள மனசு நோக எதுக்கு விக்கணும்?”

“விக்காம? எலி கடிக்கவா விட்டு வைக்க? கம்பத்துல பட்டறையில குடுத்துக் கியர சரி பண்றேன். அப்புறம் என்ன சொல்றான்னு பாப்போம்.”

கீரை உருவிய கை நின்றது. “இன்னைக்கே என்ன அவசரம்? வெயிலா இருக்கு.”

ரீட்டா கார்க் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து அனல் அடித்தது. “இந்த வெயில்ல நாலு கண்ணாடியையும் இப்படி இறுக்கி ஏத்தி வைக்கிறது யாரு?” முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். அந்த சீட்டில் அப்பாவின் துண்டு கிடந்தது. எடுத்தாள். ஈரமாக இருந்தது.

“ஏன்டா, ஈரத்துண்ட காருக்குள்ளயா போடுவ?”

“நான் போடல. ஈரத்துண்டு கொடியில காயணும்,” என்றான் சாலமன்.

ஊர் எல்லை தாண்டியதும் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். விழாது என்று நினைத்துக்கொண்டுதான் ரீட்டா கியரைத் தள்ளினாள். மூணாவது விழுந்தது. ரெண்டுக்கு இறக்கி மறுபடி போட்டாள். விழுந்தது. நாலாவதும் விழுந்தது.

பட்டறைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பினாள்.

கார் நின்ற இடத்தில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி நின்றிருந்தான் சாலமன். அவன் ஒதுங்கியதும் அதே கறை மேல் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“எப்பலே பொய் சொல்லக் கத்துக்கிட்ட?”

“நான் பொய் சொல்லல.”

“கியர் விழுகுதேடா.”

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. விழாதுன்னு அம்மா சொன்னுச்சு. யாரும் கேட்டா அதையே சொல்லணும்னு சொன்னுச்சு.”

“இத ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கல.” சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

ரீட்டா துண்டைக் கையில் பிடித்தபடி அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். “பாவம், அவன் தலையில போட்டு என்னைய ரெண்டு வாரம் அலைய விட்டுட்ட. உனக்கு எதுக்கும்மா இந்த வண்டி? நீயா ஓட்டப் போற?”

லூர்து மேரி எழுந்தாள். துண்டை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். காரின் இடது கதவைத் திறந்து, இறங்கிக் கிடந்த கண்ணாடியைக் கடைசிவரை சுற்றி ஏற்றினாள். உள்ளே மகன் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இத வித்துட்டா நான் எங்கன போயி அழுகுறது?”