சோதனைக் காட்சி

"சார், இந்த வரியை நீங்க எழுதல," என்றார் அந்த அம்மாள்.

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் இரண்டு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தார். தொலைக்காட்சியில் தினமும் ஓடுகிற தொடர்களுக்கெல்லாம் இவர்தான் கதைப் பிரிவின் தலைவி.

நான் எழுதவில்லைதான். என் மனைவி சொன்னது. கேள்விக்குறி போட்டது மட்டும் நான்.

வசனம் எழுத வாய்ப்புக் கேட்டு ஒன்பது வருடமாகக் கம்பெனி கம்பெனியாகப் படியேறுகிறேன். அதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்தவன் என்பதால் படிகள் எனக்குப் புதிதில்லை. இன்றுகூட வாசல் காவலாளி, "அப்பா வேஷத்துக்கு ஆள் எடுக்கறது கீழ்த்தளம், பெரியவரே," என்று வழி காட்டினார். எழுத வந்தவன் என்றேன். என் முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டார்.

இங்கே ஆள் எடுக்கும் முறை இது. ஒரு சூழ்நிலை கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பக்கம் வசனம் எழுதி வர வேண்டும். எனக்கு வந்தது: வயதான கணவன், பல வருடம் மறைத்து வைத்த ஒரு விஷயத்தை மனைவியிடம் சொல்கிறான். என்ன விஷயம் என்பது எழுதுகிறவர் இஷ்டம்.

ஐந்து நாள் உட்கார்ந்தேன். கணவன் மடமடவென்று பேசினான். மனைவி வாயைத் திறந்தாலே சீரியல் மனைவி மாதிரி பேசினாள்.

நேற்றுக் காலை எழுந்து சமையலறைக்குப் போனேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வெளியூர்ல ஒரு மக இருக்கா," என்றேன்.

பொதுவாக நான் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில், தாமதமாக வீடு திரும்பிய நாளெல்லாம் ஒரு கதையோடுதான் வந்திருக்கிறேன். ஒரு வீட்டு நாய் என்னை மொட்டைமாடியில் மூன்று மணி நேரம் சிறை வைத்தது. இன்னொரு வீட்டில் ஒரு கிளி எனக்குப் பதிலாக மீட்டரைப் படித்துச் சொன்னது. ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்லித் தொலைத்ததால் மறுநாளும் போக வேண்டியதாயிற்று. "அளந்தது போதும், கையைக் கழுவிட்டு சாப்பிட வாங்க," என்பாள்.

நேற்று அப்படிச் சொல்லவில்லை. அவள் கை நின்றது.

அழவில்லை. கத்தவில்லை. பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"குழந்தை இல்லேன்னு எத்தனை டாக்டர்கிட்ட போனோம். குறை யார்மேலன்னு தெரியலையேன்னு என்கூடவே பெஞ்சுல உக்காந்திருந்தீங்களே. தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தீங்களா?"

ஒன்பது வருடத்தில் நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. மறந்துவிடக் கூடாதே என்று காலண்டர் தாளைக் கிழித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் எழுதினேன். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னை நானே திட்டிக்கொண்டே எழுதினேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக வந்தது.

பிறகுதான், "அட, காட்சிக்காகச் சொன்னேன்டி. நிஜம்னு நெனச்சுட்டியா?" என்றேன்.

என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "எழுபது வயசுல புத்தி போற போக்கைப் பாரு," என்று கையிலிருந்த பூண்டை என்மேல் விட்டெறிந்தாள். காதில் பட்டது. அருகிலேயே அம்மிக் குழவியும் இருந்தது. அதை எடுத்திருந்தால்கூட நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

அந்தச் சிரிப்பையும் எழுதிக்கொண்டேன். காட்சி அதோடு முடிந்தது.

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, இரண்டாம் முறை போட்டுக்கொள்கிற சோறு.

"எல்லாம் சரி சார்," என்றார் அம்மாள், தாளைக் கீழே வைத்து. "கடைசிலதான் இடிக்குது. 'சும்மா சொன்னேன்'னதும் அந்தம்மா சிரிச்சுட்டு விட்டுடறாங்க. எந்தப் பொண்டாட்டியும் விட மாட்டா."

"இந்தம்மா நம்பிட்டாங்க மேடம். புருஷன் ஊரறிஞ்ச புளுகன்."

"புளுகனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவங்களுக்கு எது புளுகுன்னு தெரியாதா?" பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார். "சிரிச்சதுக்கப்புறம் அவங்க ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். அது சரியா உக்காந்துட்டா திங்கட்கிழமை வேலையில சேந்துடுங்க."

ஒன்பது வருடம் ஏறிய படிகளின் உச்சி அந்த மேசைதான். பேனாவை எடுத்தேன்.

கேள்வியைத் தேட வேண்டியிருக்கவில்லை. எழுதித் தாளைத் திருப்பி வைத்தேன்.

"'அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?'" சத்தமாகப் படித்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ. இதுக்கு அந்தாளு என்ன சொல்றான்?"

இன்று காலை நான் கிளம்பும்போது, என் சட்டைக் காலரை மடித்துவிட்டபடியே, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்தான் அவள் இதைக் கேட்டாள். நான் குனிந்து இன்னொரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"யோசிக்காம சொல்லிடறான் மேடம்," என்றேன். "வர்ற மார்ச்சோட முப்பத்தொண்ணு முடியுதுன்னு."