டத்தோவுக்கு ஆபரேஷன்

"இந்த வீட்டுல ஒண்ணு அந்தப் பூனை இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு இன்னைக்கே சொல்லிடு, ராஜம்மா."

நாகையா இதைச் சொன்னது தம் வீட்டுக் கூடத்தில்தான். ஆனாலும் அந்த பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி முழுவதற்கும் கேட்டது. எதிர்வீட்டு பரீதா வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் இதைவிட நல்ல நிகழ்ச்சி வராது.

ரவாங்கிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற மகன் விமலன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவைப் பார்த்தான்.

"பூனை இருக்கும்," என்றார் இராஜம்மா. கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை. "நீங்க எங்க போறதா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் போங்க."

பூனையின் பெயர் டத்தோ. பெரிய மனிதர்களுக்கு அரண்மனையில் கொடுக்கிற பட்டம் அது; வயிற்றின் அளவைப் பார்த்து பூனைக்குக் கொடுத்தவர் பரீதா. மஞ்சள் நிறக் கடுவன். சாப்பாடு, தூக்கம் தவிர வேறு வேலை கிடையாது. ஆறு மாதமாகத்தான் இந்தப் புதுத் தொழில். கண்ட இடத்தில் மூத்திரம் அடித்தது. கட்டில் ஓரம், பீரோ மூலை, எல்லாவற்றுக்கும் மேலாக நாகையாவின் பிரம்பு நாற்காலி. ஒருமுறை இஸ்திரி போட்ட கைலியைக்கூட விடவில்லை. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கார்டாக இருந்தவர் நாகையா. அவர் பச்சைக் கொடி காட்டாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. ஒரு பூனை அவரை இப்படி அவமதித்தால் சும்மா இருப்பாரா?

"என் நாற்காலியாப் பார்த்து அடிக்குதுடா. வேணும்னே பண்ணுது," என்று மகனிடம் முறையிட்டார்.

இராஜம்மா மட்டும் அசையவில்லை. ஈரத்தை முதலில் பார்ப்பதும் அவர்தான், வினிகரும் டெட்டாலும் போட்டுத் துடைப்பதும் அவர்தான். முகம் சுளித்ததில்லை. கடுவனுக்கு ஓர் ஆபரேஷன் செய்தால் இந்தப் பழக்கம் நின்றுவிடும் என்று மாடியில் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். வாயில்லா ஜீவனைக் கத்தியால் தொடுவது பாவம் என்று மறுத்துவிட்டார். உயிர் நண்டைக் கண் சிமிட்டாமல் உடைக்கிற ஆளுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஜீவகாருண்யம் என்று பரீதா வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

செமினியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தன் நண்பனிடம் பூனையை விட்டுவிடலாம் என்றான் விமலன். அது போனால் அதன் பின்னாலேயே தானும் போவதாகச் சொன்னார் இராஜம்மா. எங்கெங்கே அடிக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கேமரா வாங்கி வந்து மாட்டினான். அதைப் பிடுங்கி அவன் பையிலேயே போட்டார்.

"நான் வீட்டுல நடமாடுறத நீ ரவாங்ல உக்காந்து பாக்க வேணாம்."

புருஷனைவிட அந்தம்மாவுக்குப் பூனைதான் பெரிது என்று மாடி தீர்ப்பு எழுதிவிட்டது. விமலனுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம்தான். இன்றைக்கு விஷயம் முற்றிவிட்டது. நாகையா உண்மையாகவே பையில் நாலு சட்டையை அடுக்கி வைத்திருந்தார். கிள்ளானில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறாராம். போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை.

தேங்காய் வாங்க இராஜம்மா பாசாருக்குக் கிளம்பியதும் விமலன் கூடையை எடுத்தான். டத்தோவைப் பிடித்து உள்ளே போட்டு மூடியை அழுத்திப் பூட்டியது நாகையாவேதான். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சரியாயிடும்பா. மொதல்ல அந்தப் பையப் பிரிங்க," என்று சொல்லிவிட்டு மகன் இறங்கினான். கூடை போவதை பரீதா மாடிக் கம்பியில் சாய்ந்து கடைசிப் படி வரை பார்த்தார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த பிராணி கிளினிக்கில், டாக்டர் ரிஹானா டத்தோவைத் தூக்கி வாலை விலக்கிப் பார்த்தார். சிரித்துவிட்டு விமலனின் மடியில் வைத்தார்.

"இதுக்கு என்ன ஆபரேஷன் தம்பி பண்ணச் சொல்றீங்க? குட்டியா இருக்கும்போதே பண்ணியாச்சு. உங்க அம்மாதான் தூக்கிட்டு வந்தாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அடிக்கிற பழக்கமே இதுக்கு வந்திருக்காது லா."

விமலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே எதற்கு இத்தனை சண்டை? போன வாரம்கூட நாற்காலி நனைந்து கிடந்ததை அவனே பார்த்தானே.

கைப்பேசி அடித்தது. அப்பா.

"விமலா, அந்தச் சனியன் மறுபடியும் என் நாற்காலியில அடிச்சிருக்குடா. இப்பதான், சூடுகூட ஆறல. எங்க போய் ஒளிஞ்சிருக்குன்னு தெரியல. நீ எங்க இருக்க? சீக்கிரம் வந்து அதப் பிடிச்சுக்கிட்டுப் போய் எங்கயாவது விடு."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில். "கத்தாதீங்க. பூனைய நான் பாத்துக்கறேன். நீங்க எந்திரிச்சு இந்தக் கைலிய மாத்துங்க, வாங்க."

விமலன் தன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த டத்தோவின் முதுகைத் தடவினான்.

"முடியாதுப்பா," என்றான். "நீங்க எவ்வளவு கோவிச்சாலும் சரி, அந்தப் பூனை அங்கதான் இருக்கும்."