வெள்ளிச் செம்பு

அன்று என் காலைக் கழுவும்போது என் கணவர் இடது கையை மட்டும்தான் பாவித்தார்.

ஆறாம் மாதத்திலிருந்து இது எங்கள் பின்னேர வழக்கம். வேலையால் வந்ததும் ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, உப்புப் போட்டு, வீங்கிக் கிடக்கும் என் கால்களை அதற்குள் வைத்து உருவிவிடுவார். பேக்கரியில் மாக் குழைக்கிற கை. என் கால்களையும் பாண் என்றே நினைத்துப் பிசைவார்.

வலது கையைத் துவாய்க்குள் சுற்றி வைத்திருந்தார். எங்கேயோ சுட்டுக்கொண்டுவிட்டார், சொன்னால் ஏச்சு விழும் என்று ஒளிக்கிறார் என நினைத்தேன்.

உடுப்பும் சரியில்லை. கோயிலுக்குப் போடுகிற நீளக்கைச் சேர்ட். காலையில் கேட்டதற்கு வேலையிடத்தில் மீட்டிங் என்றார். மாக் குழைக்கிறவருக்கு என்ன மீட்டிங் என்று துருவ எனக்குத் தெம்பில்லை. ஏழு மாதம். நாரி உளைவு, இடுப்பை நிமிர்த்த முடியாது.

தொலைக்காட்சியில் அந்த வாரம் முழுக்க ஒரே செய்தி. ஒன்ராறியோவில் இனி ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கலியாணம் செய்யலாம். நகரசபை வாசலில் ஒரு கிழவர் இன்னொரு கிழவரின் கோட்டில் பூக் குத்திக்கொண்டிருந்தார்.

இவர் தொடங்கினார். நாடு கெட்டுப்போய்விட்டதாம். இங்கே ஒரு பிள்ளையை எப்படி வளர்த்தெடுக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யார் யாரைக் கட்டினால் எங்களுக்கென்ன, சீதனப் பேச்சில்லாமல் ஊரில் ஒரு கலியாணம் நடந்தால் சந்தோசம்தானே என்றேன்.

எங்களுக்குப் பிறக்கப்போவது அப்படியென்றால் என்ன செய்வாய் என்றார்.

சோறு போடுவேன் என்றேன்.

உண்மையாகவோ என்று மூன்று தரம் கேட்டார். நாடு கெட்டதென்று கத்திய மனிசனின் முகம் ஒவ்வொரு தரமும் தெளிந்துகொண்டே வந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு, வெள்ளைக்காரரை விடு, எங்கள் ஆட்களில் ஒருவன் என்றால், என்று இழுத்தார்.

எங்கள் ஆட்களில் அப்படி ஒருவரும் இல்லை என்றேன். அவர் இழுத்து முடிக்க முன்னமே, கொஞ்சம் கெதியாகத்தான் சொல்லிவிட்டேன்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் கோப்பாய்ப் பெண்ணின் படம் இருந்தது. என் தம்பி ராகுலனுக்குப் பார்த்தது. ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, ஸ்காபரோவில் பாதிப் பேர் ஊருக்குப் போய் வந்துவிட்டார்கள். ஆவணியில் அவனையும் அனுப்ப ரிக்கற் போட்டிருந்தேன். இந்த நாட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவன். என் பிள்ளை பிறக்கும்போது மாமனோடு ஒரு மாமியும் இருக்க வேண்டும் என்று ஆசை.

அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் ஓர் உதை. என் கால் எகிறி, பேசின் சரிந்தது. இவர் இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தார்.

வலது கை மோதிர விரலில் புது மோதிரம்.

அளவு சிறிது. விரல் இரண்டு பக்கமும் பிதுங்கி, சோப்புப் போட்டு இழுத்து இழுத்துச் சிவந்திருந்தது.

எங்களுக்குள் ஓர் ஆணின் விரலில் புது மோதிரம் ஏறுவதென்றால், அவன் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோழனாக. வாசலுக்கு வரும் மாப்பிள்ளையின் காலைத் தோழன் செம்புத் தண்ணீரால் கழுவுவான். மாப்பிள்ளை பதிலுக்கு அவனுக்கு மோதிரம் போடுவான். எங்கள் கலியாணத்தில் இவருக்குத் தோழன் ராகுலன்தான். பத்தொன்பது வயது. வெள்ளிச் செம்பை அவன் சரித்த சரிவில் இவருடைய பட்டுவேட்டி முழங்கால்வரை நனைந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் ஆட்கள் இங்கே கலியாணம் வைப்பது சனி ஞாயிறில். யாருடைய கலியாணம் என்று நான் கேட்கவில்லை.

“உனக்குச் சொல்ல அவன் பயந்திட்டான், ரதி. எங்களை விட்டா அவனுக்கு ஆர் இருக்கினம்?”

ராகுலன் சென் ஜேம்ஸ் ரவுணில் செந்தில்நாதனோடு இருக்கிறான். திருச்சிப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை. கூட்டாளிகள், வாடகையைப் பங்குபோடுகிறார்கள் என்று ஆறு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்தேன். ஒற்றை அறை வீடு, ஒற்றைக் கட்டில். அங்கே சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்த அறைப் பக்கம் பார்க்காமல்தான் கைகழுவப் போவேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சட்டத்தின்மேல் இல்லை, அவர்கள்மேலும் இல்லை. என் ஒரே தம்பி மாலை மாற்றியிருக்கிறான், என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணம் தொலைபேசிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

பிறகு அழுகை வந்தது. இவர் துவாயை நீட்டினார்.

இரண்டு மாப்பிள்ளை, ஒரு தோழன் என்பதால் நாலு காலையும் தானே கழுவினதாகச் சொன்னார். நகரசபைக்கு முன்னால், அந்தத் தடாகத்து ஓரத்தில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்களாம். மோதிரம் செந்தில்நாதன் கண்ணளவில் வாங்கியதாம்.

எதில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

வாசலில் விற்ற தண்ணீர்ப் போத்தல் என்றார்.

நான் ஈரக்காலோடு எழும்பினேன். கோப்பாய்ப் பெண்ணை உறைக்குள் வைத்து மூடினேன். அலுமாரியின் மேல்தட்டைக் காட்டி, அங்கே இருப்பதை இறக்கி மினுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொல்லுங்கள், வாசலில் ஒழுங்காக இன்னொரு தரம் கழுவ வேண்டும் என்றேன்.

அதுதான் கழுவியாச்சே என்று இவர் இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“வீட்டில வெள்ளிச் செம்பு கிடக்க, என்ரை தம்பியின்ரை கலியாணத்துக்குப் பிளாஸ்டிக் போத்திலோ?”